ஸ்ட்ராஸ்பூர்க் போய்த் திரும்பிய நாள்

சம்பந்தியம்மா,

ஒரு வாரமாக எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில் இரண்டு பாஸ்போர்ட்டுகள் இருக்கின்றன. ஒன்று உங்கள் மகனுடையது, மற்றது என் மகளுடையது. காலையில் விளக்கேற்றக் குனியும்போதெல்லாம் சந்தன வாசனையோடு அந்த நீல அட்டைகளின் வாசனையும் சேர்ந்து வருகிறது. உடனே எனக்குப் பயம் பிடித்துக்கொள்கிறது. பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பயப்படுகிற பெண் இந்தச் சிட்னி வென்ட்வேர்த்வில்லில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பயணத்துக்கு முதல் நாள் பாஸ்போர்ட்டைச் சாமிக்கு முன் வைத்து, பூப் போட்டு, விபூதி தொட்டு எடுப்பது உங்கள் பழக்கம். எங்கள் வீட்டிலும் வைப்போம். ஆனால் விசா கிடைக்கும்வரைதான். கிடைத்துவிட்டால் சாமியை மறந்து சூட்கேஸை நிறுத்துப் பார்க்கப் போய்விடுவோம். நீங்கள் மாம்பலத்துக்குப் போனாலும் மெல்போர்னுக்குப் போனாலும் வைத்துத்தான் எடுப்பீர்கள். உள்நாட்டு விமானத்துக்குப் பாஸ்போர்ட் எதற்கு என்று நான் கேட்டபோது, "சாமிக்கு உள்நாடு வெளிநாடு எல்லாம் ஒண்டுதான்" என்றீர்கள்.

மாப்பிள்ளைக்கு உங்கள் வீட்டுச் சாமித்தட்டைத் தொட இன்னும் மனம் வரவில்லை. "நீங்கள் வையுங்கோ மாமி" என்று என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். அவர்கள் இருவரும் ஜெர்மனிக்கு, உங்கள் தம்பி வீட்டுக்குப் போகிறார்கள். கொடுத்துவிட்டுப் போகாமல் வாசலிலேயே நின்றார்.

"ஜெர்மனி மாமா போன்ல ஒண்டு சொன்னவர். ஸ்ட்ராஸ்பூர்க் போன அண்டைக்கு உங்கள் ரெண்டு பேரையும் பொலிஸ் ரயிலால இறக்கினதாம். அம்மா பெஞ்சில இருந்து அழுதவவாம். பாஸ்போர்ட் மறந்ததுக்கெல்லாம் அம்மா அழமாட்டா. ஏன் மாமி அழுதவ?"

அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி உள்ளே ஓடினேன். அடுப்பில் பால் எதுவும் இல்லை. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. சொல்லலாமா, கூடாதா? சொல்லாதே என்று நீங்கள் என்னிடம் சொல்லவில்லை. சொல் என்றும் சொல்லவில்லை. "மகனுக்கு இது தெரியாது" என்று மட்டும் சொன்னீர்கள். அதை எந்தக் கணக்கில் எடுத்துக்கொள்வது?

உங்களுக்குத் தெரியும், எனக்குக் கவலைப்படக் காரணம் வேண்டியதில்லை. கேஸை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்ப்பவள் நான். விமான நிலையத்துக்கு நான் கிளம்பும் நேரத்தைக் கேட்டு என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். நீங்கள் மட்டும் அதைக் கோபிக்காமல் கேலியாக எடுத்துக்கொண்டீர்கள். "பயப்பிடுறது ஒரு வேலை எண்டா உங்களுக்கு ஓவர்டைமும் சேர்த்துக் கிடைக்கும், சம்பந்தி." உங்கள் தம்பி மகளின் கல்யாணத்துக்கு என்னையும் கூட்டிப் போனபோது வழியெல்லாம் இந்தக் கேலிதான். என் வீட்டுக்காரர் முழங்காலைச் சாக்காக வைத்துச் சிட்னியிலேயே தங்கிவிட்டார்.

கல்யாணம் முடிந்து, சிட்னிக்குத் திரும்ப ஒரே ஒரு நாள் மீதி இருந்தது. நான் பெட்டி கட்டலாம் என்றேன். நீங்கள், "நாளைக்கு ஸ்ட்ராஸ்பூர்க் பார்த்திட்டு வருவம்" என்றீர்கள். ஆற்றைத் தாண்டினால் பிரான்ஸ், முதல் ஊரே அதுதான், பழைய நகரம், பெரிய தேவாலயம், அதற்குள்ளே ஒரு பெரிய கடிகாரம் என்று அடுக்கினீர்கள். உங்கள் தம்பி காரில் கூட்டிப் போவதாகச் சொன்னார். "வேண்டாம், ரயில்லதான் போகோணும்" என்றீர்கள். அதை ஒரு பிடிவாதமாகவே சொன்னீர்கள். அப்போது எனக்கு அது வித்தியாசமாகப் படவில்லை. வெளிநாட்டு ரயில் ஆசை என்று நினைத்துக்கொண்டேன்.

ரயில் கிளம்பிச் சிறிது நேரத்தில் என் கை வழக்கம்போல் கைப்பைக்குள் போனது. ஜிப் போட்ட அறை காலியாக இருந்தது.

"சம்பந்தியம்மா, பாஸ்போர்ட் ரெண்டும் உங்க பையிலயா இருக்கு?"

"இல்லை. தம்பி வீட்டுச் சாமித்தட்டில வச்சிட்டன். நாளைக்குப் பயணமெல்லே."

"என்னோடதுமா?"

"ஓம். உங்கட கட்டிலுக்குப் பக்கத்தில கிடந்தது, அதையும் எடுத்து வச்சனான்."

"இப்ப நாம வேற நாட்டுக்குப் போறோங்க."

"இது என்ன நாடு? வென்ட்வேர்த்வில்லில ஏறிப் பரமட்டாவில இறங்கிற மாதிரி. இப்ப இஞ்ச போடர், செக்கிங் எண்டு ஒண்டும் இல்லை, தம்பி சொன்னவன். சும்மா இருந்து வெளியில பாருங்கோ."

நான் வெளியில் பார்க்கவில்லை. அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பிவிடலாம் என்று கெஞ்சினேன். நீங்கள் பிளாஸ்கைத் திறந்து எனக்குப் பிளேன் டீ ஊற்றித் தந்தீர்கள். பிறகு ரயில் ரைன் ஆற்றுப் பாலத்தில் ஏறியது. பெட்டியில் இருந்தவர்கள் எல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். நான்கூட ஒரு நொடி பயத்தை மறந்து ஆற்றைப் பார்த்தேன். நீங்கள் மட்டும் எதிர் இருக்கையின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். தூக்கம் வருகிறதாக்கும் என்று நினைத்தேன்.

ஸ்ட்ராஸ்பூர்க் நிலையத்தின் முன்பக்கத்துக்கு முழுவதும் கண்ணாடி போர்த்தியிருக்கிறார்கள். பழைய கல் கட்டடம் அப்படியே உள்ளே இருக்கிறது. நீங்கள் அந்தக் கல்லில் கையை வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றீர்கள். "முந்தி இந்தக் கண்ணாடி இல்லை" என்றீர்கள். முன்னால் வந்திருக்கிறீர்களா என்று கேட்டேன். "படத்தில பார்த்தனான்" என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தீர்கள்.

அன்று நகரத்தைப் பார்த்தவர் நீங்கள். நான் பார்த்ததெல்லாம் தொப்பிகள்தான். யார் தொப்பி போட்டு வந்தாலும் காவல்துறையோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. தேவாலயத்துக்கு முன்னால் துப்பாக்கியோடு ராணுவத்தினர் மூன்று பேர் ரோந்து வந்தபோது, அஞ்சலட்டைகள் தொங்கவிட்டிருந்த கடைச் சட்டத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். நீங்கள் சிரித்த சிரிப்பில் அவர்களில் ஒருவரே திரும்பிப் பார்த்தார். எனக்கு உயிரே போய்விட்டது.

தேவாலயம் இளஞ்சிவப்புக் கல்லால் ஆனது. இரண்டு கோபுரத்துக்கு இடம் விட்டுவிட்டு ஒன்றை மட்டும் கட்டியிருக்கிறார்கள். கழுத்தை வளைத்து நிமிர்ந்து பார்த்துவிட்டு, "மற்றது எங்க? கொந்திராத்துக்காரன் ஓடிப்போனானோ?" என்று கேட்டீர்கள். வீடு கட்டும்போது பாதியில் காணாமல்போன உங்கள் காண்ட்ராக்டர் நினைவுக்கு வந்துவிட்டார் போலிருக்கிறது. உள்ளே கடிகாரத்துக்கு முன்னால் கூட்டத்தோடு கூட்டமாக நின்றோம். நண்பகல் தாண்டியதும் மேலே சின்னச் சின்ன உருவங்கள் வரிசையாக நடந்து வந்து ஒருவரை வணங்கிவிட்டுப் போயின. மரச் சேவல் ஒன்று இறக்கையை அடித்துக் கூவியது. நீங்கள் கைதட்டினீர்கள். நான் வெளியே போகும் வழி எது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கால்வாய்க் கரையில் உட்கார்ந்து என் புளியோதரையைச் சாப்பிட்டோம். எதிரே மரச் சட்டங்கள் வெளியே தெரிகிற பழைய வீடுகள். "பாவம், எலும்பெல்லாம் வெளியில தெரியுது" என்றீர்கள். படகில் போன சுற்றுலாப் பயணிகளுக்குக் கையசைத்தீர்கள். உங்களை அவ்வளவு கலகலப்பாக நான் பார்த்ததே இல்லை. ஒன்றுக்கு இரண்டாக அஞ்சலட்டை வாங்கினீர்கள், ஐஸ்கிரீம் வாங்கினீர்கள், வழியில் போன குழந்தையைக் கொஞ்சினீர்கள். உங்களுக்கு மட்டும் பயம் என்பதே கிடையாதா என்று எனக்குள்ளே எரிச்சல்கூட வந்தது. இப்போது யோசித்தால் தெரிகிறது, நான் பயத்தை முகத்தில் போட்டுக்கொண்டு நடந்தேன். நீங்கள் அதற்கு மேல் சிரிப்பைப் போர்த்திக்கொண்டு நடந்தீர்கள்.

பிற்பகல் ரயிலில் ஏறினோம். ரயில் பாலத்தைத் தாண்டி, ஆற்றின் ஜெர்மன் பக்கத்தில் முதல் நிலையமான கேலில் நின்றது. காலையில் நின்றதைவிட அதிக நேரம் நின்றது. நம் பெட்டியின் முன்பக்கக் கதவு வழியாகச் சீருடையில் ஒரு பெண்ணும் ஓர் ஆணும் ஏறினார்கள். ஒவ்வொருவரிடமும் அடையாள அட்டையைக் கேட்டுக்கொண்டே வந்தார்கள்.

நான் உங்களைத் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் ஏற்கெனவே எழுந்து நின்றுகொண்டிருந்தீர்கள். அவர்கள் இன்னும் பாதிப் பெட்டிகூடத் தாண்டவில்லை. பையை நெஞ்சோடு அணைத்திருந்தீர்கள். முகத்தில் இரத்தமே இல்லை. நான் உங்கள் கையைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. நீங்கள் என்னைப் பார்க்காமல், வாய் அசைவது வெளியே தெரியாதபடி மெல்லச் சொன்னீர்கள்.

"என்னை இறக்கினா நீங்கள் இறங்காதேங்கோ. என்னைப் பாக்கவும் வேண்டாம். தெரியாத ஆள் மாதிரி இருங்கோ. தம்பியிட்டப் போய்ச் சொல்லுங்கோ."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆஸ்திரேலியக் குடியுரிமை வாங்கி எத்தனையோ வருடமான பெண்மணி, நல்ல ஆங்கிலம் பேசுகிறவர், முதியோர் இல்லத்து வேலையில் டாக்டர்களோடு சரிக்குச் சரியாக வாதாடியவர், ஒரு வார்த்தை ஆங்கிலம் வராமல் நிற்கிறார். வேறு வழியில்லாமல் நான்தான் பேசினேன். பயந்தாங்கொள்ளியாக இருப்பதில் ஒரு நன்மை உண்டு. என் பாஸ்போர்ட், ரத்த அழுத்த மாத்திரைச் சீட்டு, காப்பீடு எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். சிட்னி டிரைவிங் லைசென்ஸும் இருந்தது. அந்தப் பெண் அதிகாரி பார்த்துவிட்டு, அடுத்த முறை கையில் எடுத்து வரவேண்டும் என்று கண்டித்துவிட்டு எனக்குத் தலையாட்டினார். உங்கள் பையில் பிளாஸ்க், அஞ்சலட்டைகள், சிட்னி ரயிலில் தட்டுகிற ஓபல் கார்டு, இவ்வளவுதான் இருந்தன. உங்கள் பாஸ்போர்ட்டை நான் படம் எடுக்கவில்லை. அந்த அதிகாரி மரியாதையாகத்தான் சொன்னார். நீங்கள் போகலாம், இவர் மட்டும் இறங்கவேண்டும், யாராவது பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து காட்டட்டும் என்றார்.

நீங்கள் நடந்தீர்கள். திரும்பிப் பார்க்கவில்லை. நான் பையையும் குடையையும் உங்கள் சால்வையையும் அள்ளிக்கொண்டு பின்னாலேயே இறங்கினேன். துணிச்சல் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். அந்த ரயிலில் தனியாக உட்கார்ந்து போக எனக்குப் பயம், அவ்வளவுதான்.

பிளாட்பாரத்தில் என்னைப் பார்த்ததும் நீங்கள் திட்டினீர்கள். உண்மையான கோபத்தோடு திட்டினீர்கள்.

"உங்களுக்கு விசரே? இறங்க வேண்டாமெண்டு சொன்னனான் எல்லே? உங்களை அவை போக விட்டவை. ஏன் இறங்கினீங்கள்?"

"உங்கள விட்டுட்டு நான் எங்கங்க போவேன்?"

நான் சொன்னது அவ்வளவுதான். நீங்கள் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைச் சால்வையில் மூடிக்கொண்டு அழுதீர்கள். அதிகாரிப் பெண் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டார். நான் உங்கள் தம்பிக்குப் போன் செய்தேன். அவர் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவர் வந்து சேர்வதற்குள் நீங்கள் எனக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டீர்கள்.

கல்யாணமாகி நான்கு மாதத்தில், ஊரில் நடந்த சண்டைக்குத் தப்பி நாட்டைவிட்டுக் கிளம்பினீர்கள், நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும். பெர்லின் வழியாக வந்து, பாரிஸ் போய்ச் சேர்வதற்காக இதே ரயில் பாதையில் ஏறியிருக்கிறீர்கள். காசு வாங்கிக்கொண்டு கூட்டிவந்த ஏஜென்ட் சொல்லியபடி இருவரும் ஒரே பெட்டியில் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருக்கிறீர்கள். இருவர் கையிலும் வேறு யாருடையவோ பாஸ்போர்ட். ஒருவர் பிடிபட்டால் மற்றவர் பார்க்கக்கூடாது, இறங்கக்கூடாது என்று இருவரும் முன்பே பேசிக்கொண்டீர்கள். இதே கேல் நிலையத்தில் உங்கள் பாஸ்போர்ட்டை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். அவருடையதைப் பிடித்துவிட்டார்கள்.

"அவரை எனக்குப் பக்கத்தாலதான் கூட்டிக்கொண்டு போனவை. அவரின்ர கோட் என்ர தோளில முட்டினது. நான் பாக்கேல்லை, சம்பந்தி. பிளாட்பாரத்தில நிக்கிறார் எண்டு தெரியும். ஜன்னல் பக்கம்தான் இருந்தனான். தலையைத் திருப்பினாக் காணும். திருப்பேல்லை. ரயில் வெளிக்கிட்டுப் பாலத்தில ஏறினதுக்குப் பிறகும் திருப்பேல்லை. ஸ்ட்ராஸ்பூர்க் ஸ்டேஷன்ல விடியுமட்டும் தனிய இருந்தனான். ஊரை நான் பாக்கேல்லை. ஸ்டேஷன் கல்லைத்தான் பாத்தனான்."

அவரை மறுபடி கண்டது ஒரு வருடத்துக்குப் பிறகு. பிறகு சிட்னி, மகன், வேலை, வீடு. அவர் சாகும்வரை முப்பது வருடம் ஒன்றாக வாழ்ந்தீர்கள். அந்த ரயிலைப் பற்றி மட்டும் ஒரு நாளும் இருவரும் பேசவில்லை.

"என்ன நினைச்சிருப்பார்? இவள் ஒருக்காக்கூடப் பாக்கேல்லையே எண்டு நினைச்சிருப்பாரோ? கேக்கப் பயந்தனான். கேட்டா அவர் இல்லையெண்டுதான் சொல்லுவார். அதை நான் நம்பமாட்டன். அதால கேக்கவே இல்லை."

உங்கள் வீட்டுக்காரரை நான் பார்த்ததே இல்லை. நம் பிள்ளைகள் கல்யாணத்துக்கு முன்பே அவர் போய்விட்டார். அப்படியெல்லாம் நினைத்திருக்கமாட்டாருங்க என்று சொன்னேன். யார் வேண்டுமானாலும் சொல்லக்கூடிய ஆறுதல் அது. நீங்கள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மகனுக்கு இது தெரியாது" என்றீர்கள்.

உங்கள் தம்பி பாஸ்போர்ட்டுகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டு ஓடிவந்தார். அதிகாரி உங்களுடையதைத் திறந்தபோது விபூதி அவர் கறுப்புச் சட்டையில் கொட்டியது. நடுவில் ஒரு செவ்வந்தி இதழ் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் அதை மெதுவாக எடுத்து உங்கள் கையிலேயே கொடுத்தார். காரில் ஏறியதும் நீங்கள் பழையபடி ஆகிவிட்டீர்கள். "சாமியிட்ட விட்டிட்டுப் போனா சாமி தானே கொண்டுவந்து தருது, பாத்தீங்களோ" என்று தம்பியைச் சிரிக்கவைத்தீர்கள். அதன் பிறகு நீங்கள் அதைப் பற்றி வாய் திறக்கவே இல்லை.

அடுத்த குளிர்காலத்தில் நீங்கள் நோயில் விழுந்தீர்கள். ஆஸ்பத்திரியில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாட்களில், பல தடவை பேச்சு அந்தப் பெஞ்சு வரைக்கும் வரும். நான்தான் மாற்றிவிடுவேன். மறுபடி அழுதுவிடுவீர்களோ என்று பயம். ஸ்கேன் என்ன சொல்கிறது, சாப்பிட்டீர்களா, தலையணை சரியாக இருக்கிறதா என்று வேறெதையாவது கேட்பேன். அப்படியே நீங்கள் போய்விட்டீர்கள்.

இன்று உங்கள் தம்பிக்கு இனிப்பு வாங்க மாப்பிள்ளையும் நானும் ஹரிஸ் பார்க் போனோம். வாங்கிக்கொண்டு பரமட்டா நிலையத்துக்கு நடந்தே வந்தோம். பிளாட்பாரத்தில் உட்கார்ந்ததும் அவர் அதே கேள்வியை மறுபடி கேட்டார். அங்கே பால் அடுப்பு என்று ஓட வழியில்லை. பிள்ளைகளும் ஸ்ட்ராஸ்பூர்க் பார்க்க அதே ரயிலில்தான் போகப்போகிறார்கள், அதே பாலத்தைத் தாண்டப்போகிறார்கள். தெரியாமல் போவதைவிடத் தெரிந்து போகட்டும் என்று தோன்றியது. எல்லாவற்றையும் சொன்னேன். நாங்கள் ஏறவேண்டிய ரயில் வந்தது, போனது. அடுத்ததும் வந்தது, போனது. அவர் இனிப்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து கேட்டார். நான் தப்புச் செய்துவிட்டேன், உங்கள் பிள்ளையின் மனதைக் கெடுத்துவிட்டேன் என்று எனக்கு வியர்த்துவிட்டது.

அவர் நிமிர்ந்தார்.

"இது எனக்குத் தெரியும், மாமி."

"அம்மா சொன்னாங்களா?"

"இல்லை, அப்பா. நான் யூனிவர்சிட்டியில படிக்கேக்க, அவருக்குச் சுகமில்லாத நேரம் ஒருநாள் சொன்னவர். அம்மான்ர பக்கம்தான் எனக்குத் தெரியாது."

"அப்பா என்ன சொன்னாரு?"

அவர் எதிர்ப் பிளாட்பாரத்தைப் பார்த்துக்கொண்டு, தன் அப்பாவின் குரலைத் தேடுகிறவர்போல் மெல்லச் சொன்னார்.

"'ரெண்டு பொலிசுக்கு நடுவில நிண்டுகொண்டு ஜன்னலுக்குள்ளால உன்ர அம்மான்ர பின்னலைப் பாத்துக்கொண்டிருந்தனான். திரும்பிடாதை, திரும்பிடாதை எண்டு மனசுக்குள்ள கத்தினனான். அவள் திரும்பியிருந்தா நான் பேர் சொல்லிக் கூப்பிட்டிருப்பன், என்னால அடக்கியிருக்கேலாது. ரெண்டு பேரும் பிடிபட்டிருப்பம். அவள் திரும்பேல்லை. அண்டைக்கு எங்களைக் காப்பாத்தினது கொம்மாதான்.' அப்பிடித்தான் சொன்னவர், மாமி."

"இத அவர் அம்மாகிட்ட சொல்லவே இல்லையேப்பா. ஏன்?"

"அம்மாக்குத் தெரியும் எண்டு நினைச்சிருப்பார்."

அப்போது வந்த ரயிலில் ஏறினோம். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து வீடு வரும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். உங்கள் மகன் அழுதார், சம்பந்தியம்மா. நானும் அழுதேன். எதிரே இருந்த பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று டிஷ்யூ நீட்டியது.

ஒன்றை நினைத்தால் எனக்கு ஆறவில்லை. நீங்கள் இருந்தபோதே நான் உங்கள் மகனிடம் ஒரு வார்த்தை பேசியிருந்தால், அவர் உங்கள் படுக்கைக்கு வந்து இதைச் சொல்லியிருப்பார். மூன்று பேரும் ஒரே வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். பதில் உங்கள் மகனிடம் இருந்தது, கேள்வி என்னிடம் இருந்தது. இப்போது இரண்டும் என்னிடம் இருக்கின்றன. கொடுப்பதற்குத்தான் நீங்கள் இல்லை. சேருமா, சேராதா என்று தெரியாமலே எழுதுகிறேன். உங்கள் வீட்டுக்காரர் உங்களைத் தப்பாக நினைக்கவில்லை. நீங்கள் திரும்பிவிடக்கூடாது என்றுதான் அங்கே நின்று வேண்டிக்கொண்டிருந்தார்.